திரும்பிப் பார்க்காத ஊர்

பூவந்துறை ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு, கரையில் வாங்கிய புதுத்துணியைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனால் பிடித்த தோஷமெல்லாம் துணியோடு கழன்று போய்விடும் என்று எந்தப் புண்ணியவான் முதலில் சொன்னானோ தெரியாது, அவன் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான், ஊர்தான் அதை வைத்து இன்றுவரை வயிறு வளர்க்கிறது. செவ்வாய் தோஷக்காரர்கள் வந்தார்கள், நாகதோஷக்காரர்கள் வந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனவர்களும் பிள்ளை தங்காதவர்களும் கோர்ட்டில் வாய்தா வாங்கி ஓய்ந்தவர்களும் வேன் பிடித்து வந்தார்கள், வந்தவர்களெல்லாம் வேட்டியும் சேலையும் பாவாடையும் பனியனும் கழற்றி விட்டுவிட்டு நிம்மதியாகப் போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்பதுதானே விதி, அதனால் படித்துறைக்குக் கீழே ஊறிக் கிடந்த துணிச்சேற்றை அவர்கள் கண்டதே இல்லை. ஊர்க்காரர்கள் கண்டார்கள். கண்டுவிட்டுத் துண்டு விற்கப் போனார்கள்.

துணி மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்தவர்கள் தங்க லாட்ஜ் வந்தது, லாட்ஜ் கக்கூஸுக்குக் குழாய் வந்தது, அந்தக் குழாய் எங்கே போகும், தாழைப்புதருக்குள் பதுங்கிப் பதுங்கிப் போய் ஆற்றில்தான் வாயைத் திறந்தது. மொட்டை போட்ட முடி, ஷாம்பு பாக்கெட், பிள்ளைக்குக் கட்டிவிட்ட நாப்கின், திருஷ்டி கழித்த எலுமிச்சம்பழம் எல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு மிதந்தன. இத்தனைக்கும் கீழே, கூப்பிடு தூரத்தில், ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற உறைகிணறு இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் தீர்த்தம் என்று சொம்பில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள். நினைத்தாலே குமட்டுகிறது, ஆனால் நினைத்தால்தானே.

இப்படி இருக்கையில் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாகதோஷம் கழிக்க வந்த ஒரு மனிதர் முங்கி எழுந்து, வேட்டியையும் முழுக்கைச் சட்டையையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் படியேறினார். அவர் நாலு படி ஏறியதும் அந்தச் சட்டையும் வேட்டியும் எழுந்து நின்றன. சட்டைக்கு மேலே தலை இல்லை, வேட்டிக்குக் கீழே கால் இல்லை, உள்ளே ஆற்றுத் தண்ணீர்தான் ஆள் உயரத்துக்கு, ஆள் பருமனுக்கு, கலங்கலாக நின்றது, அதற்குள் முடியும் பாக்கெட்டும் சுழன்றுகொண்டிருந்தன. அது அவருக்குப் பின்னால் சொதக் சொதக்கென்று படியேறிற்று. டீக்கடைக்காரர் அது போக வழிவிட்டுப் பெஞ்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். மனிதர் திரும்பிப் பார்க்காமல் டீ குடித்தார், திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார், பின்னாலேயே அதுவும் ஏறிற்று, கண்டக்டர் சற்று யோசித்துவிட்டு அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அன்றிலிருந்து முங்கினவர் ஒவ்வொருவர் பின்னாலும் ஒன்று போயிற்று. ஊர் அதற்கு ஈரம் என்று பேர் வைத்தது. "ஈரம் வெளியே நிற்கவும்" என்று ஓட்டல்காரர்கள் முதலில் போர்டு வைத்தார்கள், வியாபாரம் படுத்ததும் "ஈரத்துக்குத் தனி இடவசதி உண்டு" என்று மாற்றி எழுதினார்கள். விட்டவருக்குத் தன் ஈரம் தெரியாது, அவர்தான் திரும்பிப் பார்க்க மாட்டாரே, மற்றவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் சொல்வது மரியாதை இல்லை என்று ஆயிற்று. அதனால் ஆளாளுக்கு அடுத்தவர் முதுகைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், "இதென்ன இந்த ஆளு இப்படி நாறுதான்" என்று அடுத்தவரிடம் கிசுகிசுத்தார்கள், அந்த அடுத்தவர் இவர் பின்னால் நின்றதைப் பார்த்துக்கொண்டே ஆமாம் போட்டார்.

ஒவ்வொரு ஈரமும் நாலைந்து குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனது. இப்படியாக ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நம் துணிகளை உடுத்திக்கொண்டு, பஸ் ஏறி, கண்ட கண்ட ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது, துறையில் படி படியாகத் தண்ணீர் இறங்கியது. இறங்க இறங்கப் பழைய துணிகள் வெளியே தெரிந்தன, மேல்வரிசைக்குக் கீழே ஒரு வரிசை, அதற்கும் கீழே இன்னொன்று. தெரிந்த துணிகள் சும்மா கிடக்கவில்லை. அவையும் எழுந்தன. அவை பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் விட்டவை. ஊருக்கு ஒன்று என்றால் ஊர்க்காரன் இல்லாமலா.

ஊர் அசரவில்லை. திரும்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. வீட்டுக்கு வீடு பின்சுவரை இடித்து வாசல் வைத்தார்கள், முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறித் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், முன்னால் போனவரை யாராவது கூப்பிட்டால் அவர் பெரிய வட்டம் போட்டுத்தான் வந்து சேர்ந்தார். கொத்தனார்களுக்கு நல்ல வேலை. அரசு உயர்நிலைப் பள்ளியிலும் வகுப்புக்கு வகுப்பு இரண்டாவது வாசல் உடைத்தார்கள், வாத்தியார்கள் போர்டில் எழுதுவதையே விட்டார்கள், எழுதினால் எப்படியும் திரும்ப வேண்டுமே, எல்லாம் வாயால் சொல்லிப் பாடம். எட்டாம் வகுப்பு பி பிரிவில் மட்டும் வாசல் உடைக்க முடியவில்லை. ஒரு பக்கம் சத்துணவுக்கூடம், ஒரு பக்கம் தண்ணீர்த்தொட்டி, பெஞ்சுகள் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும், போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே வாசல் வழியாகப் போனால் அதே வாசல் வழியாகத் திரும்பித்தான் வர வேண்டும். அந்த அறையை அறிவியல் டீச்சர் ஆவுடைத்தங்கத்துக்குக் கொடுத்தார்கள். ஏனென்றால் ஊரிலேயே அவள் ஒருத்தி பின்னால்தான் ஒன்றும் வரவில்லை.

அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அல்ல, நிறையவே. ஊரைப் பார்த்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் கணவர் நெல்லையப்பன் படித்துறையில் பரிகாரத் துணிக்கடை வைத்திருந்தார், அவருக்கும் ஒரு ஈரம் வந்து சேர்ந்துவிட்டது, சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று சொட்டிக்கொண்டே இருக்கும். அது வந்ததிலிருந்து ஆவுடைத்தங்கம் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எல்லாத்துக்கும் இருக்கு, ஒனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று ஒருநாள் கேட்டார் நெல்லையப்பன்.

"நான் அந்தச் சாக்கடைல எதையும் போடல. அதான் இல்ல."

"அன்னைக்கு ஒரு சேல விட்டியே. தர்மபுரில இருந்து இங்கன மாறுதல் கெடைக்கணும்னு."

அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கடுகுக் கலர் சேலை. கிளிப்பச்சைக் கரை. வருஷக்கணக்கில் குடும்பத்தை விட்டுத் தர்மபுரிப் பக்கம் கிடந்தவள், யாரோ சொன்னார்கள் என்று ஒரு சாயங்காலம் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு வேறு யாருக்கும் தெரியாமல் போய் முங்கிவிட்டு வந்தாள், அடுத்த கவுன்சிலிங்கிலேயே சொந்த ஊர் கிடைத்தது.

"அது பருத்தி. ஒங்க கடையில எடுத்தது, நீங்கதான் அசல் பருத்தின்னு குடுத்தீய. என்னைக்கோ மக்கி மண்ணாப் போயிருக்கும்" என்றாள்.

நெல்லையப்பன் வாயைத் திறந்தார், பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார். பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனார், அதுவும் சொட்டச் சொட்டப் போயிற்று.

வகுப்பில் அப்போது நீர் மாசு பாடம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று ஒரு சோதனைப் பெட்டி வந்திருந்தது, அதில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பாட்டில்கள். கழுத்துவரை தண்ணீர் பிடித்து மூடி, வெயில் படாமல் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்தால் போதும், தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். யார் எடுத்தது, எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று ஒட்டி எழுதாத பாட்டிலை டீச்சர் கையால் தொட மாட்டாள், பேர் இல்லாத தண்ணீர் யாருக்கும் சாட்சி சொல்லாது என்பாள். பிள்ளைகள் துறையில் பிடித்தார்கள், கறுத்தது. உறைகிணற்றில் பிடித்தார்கள், கறுத்தது. அதே கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிற, தங்கள் வகுப்புச் சுவரை ஒட்டி நிற்கிற சத்துணவுத் தொட்டிக் குழாயில் பிடித்தார்கள், அது மறுநாள் காலையிலேயே மை மாதிரி கறுத்துக் கிடந்தது.

அந்தக் குழாயில் குடித்துத்தான் முதல் பெஞ்சு இசக்கிதேவிக்குக் காமாலை கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளாகிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னும் நாலைந்து பிள்ளைகள் சோறு வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தன. குழாயை அடைத்துவிட்டு மலை ஊற்றுத் தண்ணீரை டிராக்டரில் கொண்டுவந்து கொடுக்க ஒரு ஆளும் தயாராக இருந்தார். ஆனால் தொட்டி வால்வின் சாவி தலைமையாசிரியர் தாணுமூர்த்தியின் இடுப்பில் இருந்தது, தாணுமூர்த்தி படித்துறையை நடத்துகிற துறைக் கமிட்டியில் இருந்தார், அவர் குடும்ப லாட்ஜ் துறைக்கு மேலே இருந்தது.

ஆவுடைத்தங்கம் கறுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவருக்குப் பின்னால் அவருடைய ஈரம் நின்றது. கட்டம் போட்ட சட்டை, பட்டன் இடைவெளிகளில் மஞ்சளாக எதுவோ பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஊரே அந்தத் தண்ணியத்தானே குடிக்கி? எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றார்.

"இசக்கிதேவிக்கு ஆயிருக்கே சார்."

"அது பஸ் ஸ்டாண்டுல பானிபூரி தின்னுருக்கும்."

"பாட்டில் கறுத்திருக்கு சார்."

"கறுத்தது பாட்டில்தானே டீச்சர். குழாய அடச்சா பேப்பர்ல போடுவான், பேப்பர்ல போட்டா கூட்டம் வராது. பாடத்த நடத்துங்க, பரிட்சைக்கு உள்ளத மட்டும் நடத்துங்க."

உங்கள் முதுகுக்குப் பின்னால் பாருங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஊர் மரியாதை அவளையும் பிடித்துத்தான் இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று எச்சிலைத் துப்பினாள், துப்பித் துப்பியும் நாற்றம் தொண்டையை விட்டுப் போகவில்லை, இந்த ஊருக்கா மாறுதல் கேட்டு ஏங்கினோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த நாள் வகுப்பில் அவள் கோபத்தோடு பேசினாள். "குப்பைய ஆத்துல போட்டா அது எங்கயும் போயிராது. தூரமா போன மாதிரி இருக்கும், ஒங்க தம்ளருக்குத்தான் திரும்பி வரும். புரியுதா? இந்த ஊர்ல எல்லாரும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை எல்லாக் கண்ணும் அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், வாசல் பக்கமாக இருந்தன. ஒருத்தி மெதுவாகத் தாவணி நுனியால் மூக்கை மூடினாள். இன்னொருத்தி அதைப் பார்த்து, மரியாதை இல்லை என்று கையைத் தட்டிவிட்டாள்.

சொட் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முதலில் வந்தது பயம்தான், வெட்கம்கூட இல்லை. திரும்பினால் போன தோஷம் திரும்பி வரும், மறுபடியும் தர்மபுரி, மறுபடியும் வாரக்கடைசி ராத்திரி பஸ், அம்மா இல்லாமல் வீட்டில் அப்பனோடு கிடக்கிற தன் பிள்ளை. பி.எஸ்சி., பி.எட். படித்தவளுக்கு இந்தப் பயம் வரலாமா என்று கேட்டால் வரலாமோ கூடாதோ, வந்தது. திரும்பாமல் போகவும் வழி இல்லை. ஒரே வாசல், அதுவும் பின்னால். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை, டீச்சர் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிதேவி இல்லாத இடம் முதல் பெஞ்சில் அப்படியே காலியாக இருந்தது, அதற்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்த பிரம்மசக்தி, ஊரில் வாய்க்காரி என்று பேரெடுத்தவள், அவளும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தாள்.

ஆவுடைத்தங்கம் திரும்பினாள்.

கடுகுக் கலர் மங்கியிருந்தது, ஆனால் கடுகுக் கலர்தான். கிளிப்பச்சைக் கரையில் பாசி ஏறியிருந்தது. அவள் உயரத்துக்கு, அவள் பருமனுக்கு, அவள் கொசுவம் வைக்கிற மாதிரியே இடப்பக்கம் சற்றுச் சரிந்து அது நின்றது. உள்ளே கொழகொழவென்ற தண்ணீரில் ஒரு கொத்து மயிர், ஒரு சோப்பு உறை, நைந்த நாப்கின், செத்து வெளுத்த கெண்டைக்குஞ்சுகள், இன்னும் பேர் சொல்லக் கூசுகிற என்னென்னவோ மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடவில்லை. அவள் பார்த்ததும் அது நின்ற இடத்திலேயே மடங்கியது, தண்ணீரெல்லாம் தரையில் விழுந்து அவள் பாதத்தைத் தாண்டி ஓடிற்று, சேலை வெறும் சேலையாகக் கிடந்தது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இது யார் சேலை டீச்சர்?" என்றாள் பிரம்மசக்தி.

"என்னோடது."

சேலையிலிருந்து ஒரு நூலை உருவி, பிழிந்து, சன்னலில் சற்று நேரம் காயப் போட்டு, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி கிழித்துக் காட்டினாள். முன்பே நடத்திய பாடம்தான், பருத்தி என்றால் சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகச் சுருளும். நூல் உருகிச் சுருண்டு ஒரு கறுத்த மணியாகத் தொங்கியது. அசல் பருத்தி. நெல்லையப்பன் வாயை மூடிக்கொண்டது ஏன் என்று அப்போது விளங்கிற்று. அவளும் அவள் பேரப்பிள்ளைகளும் போன பிறகும் அந்தச் சேலை அந்த ஆற்றில் கிடந்திருக்கும்.

தரையில் தேங்கிய தண்ணீரில் ஒரு பாட்டிலை முக்கி எடுத்து மூடினாள். துணியால் துடைத்து, தாள் ஒட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினாள்: சு. ஆவுடைத்தங்கம், எட்டாம் வகுப்பு பி ஆசிரியை. அதைச் சன்னல் மேடையில் மற்ற பாட்டில்களோடு வைத்தாள். பிறகு விளக்குமாறு எடுத்து அந்த நாற்றத்தைத் தானே கூட்டி அள்ளினாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்குமா. எங்க டீச்சரே திரும்பிப் பாத்தாவ, ஒண்ணும் ஆகல, நீங்களும் பாருங்க என்று அப்பனையும் அம்மையையும் பிடித்து உலுக்கின. அன்றைக்கே சிலர் திரும்பினார்கள். சில வீடுகளில் குடல் புரட்டுகிற ஓங்கரிப்பும் பிறகு வாளியும் துடைப்பமுமாகச் சத்தம் கேட்டது, சில வீடுகளில் பிள்ளைக்கு அடி விழுந்தது. நெல்லையப்பன் திரும்பவில்லை, ஆனால் கடையில் 'அசல் பருத்தி' என்று எழுதியிருந்த அட்டையைக் கழற்றிவிட்டார் என்று கேள்வி. துறைக் கமிட்டி கூடிற்று. வருகிற கூட்டமும் இப்படித் திரும்ப ஆரம்பித்தால் ஊர் என்ன ஆவது என்று கத்தினார்கள், டீச்சரை எந்தக் காட்டுக்கு மாற்றலாம் என்றும் பேசினார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் தாணுமூர்த்தி கையில் பிரம்போடு எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். வந்த கோபத்தில் அது ஒரே வாசல் அறை என்பதை மறந்துபோனார். அவருடைய ஈரமும் உள்ளே வந்து அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன டீச்சர் பாடம் நடத்துதீய? வகுப்பா இது, என்ன நாத்தம்!" என்றார்.

ஆவுடைத்தங்கம் சன்னல் மேடையிலிருந்து தன் பேர் எழுதிய பாட்டிலை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். கறுத்திருந்தது. கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

"இது என் தண்ணி சார். என் சேலைத் தண்ணி. இதைத்தான் இசக்கிதேவி குடிச்சிருக்கா" என்றாள். பாட்டிலை அவர் பக்கம் இன்னும் தள்ளி வைத்தாள். "நீங்க மாத்துனா மாத்திக்கோங்க. நான் தர்மபுரிக்கே போறேன். அந்தக் குழாய மட்டும் பூட்டிட்டுப் போறேன்."

"குழாயப் பத்தி நீங்க பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போகப் பார்த்தார். போக இடமில்லை. வலப்பக்கம் பெஞ்சு, இடப்பக்கம் பெஞ்சு, எதிரே சுவர். சுற்றிக்கொண்டு போகலாமா என்று கண்ணால் அளந்தார், அளந்து பார்த்ததில் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் பூனை போகக்கூட இடம் இல்லை. வெளியே சத்துணவு மணி அடித்தது. தட்டும் தம்ளருமாக மற்ற வகுப்புப் பிள்ளைகள் குழாயைப் பார்த்து ஓடுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"சார், சின்னப் பிள்ளைக எல்லாம் தண்ணி பிடிக்கப் போறாவ" என்றாள் பிரம்மசக்தி. "திரும்பிப் பாருங்க சார். ஒண்ணும் செய்யாது. நாறும், அவ்வளவுதான்."

குழாய் திறக்கிற கிரீச் சத்தம் கேட்டது. முதல் தம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. தாணுமூர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினார், அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தார், அப்புறம் இன்னொன்றையும் திறந்தார்.

அதற்கு மேல் அவர் எதையும் மறைக்கவில்லை, கிடைத்த இடத்தில், தன் புதுச் செருப்பின் மேலேயே, காலையில் தின்ற இட்லி முழுவதையும் எடுத்தார். ஈரம் மடங்கி விழ, அவருடைய லாட்ஜ் குழாய் ஆற்றில் விட்டதெல்லாம் அவர் காலடியில் பரவிற்று. வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டே இடுப்பில் தடவி, சாவியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினார். ஆவுடைத்தங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் குழம்பை மிதித்துக்கொண்டே ஓடினாள், "குடிக்காதிய, ஏ பிள்ளைகளா, துப்புங்க, துப்புங்க" என்று அவள் கத்துவது தொட்டிப் பக்கம் கேட்டது, பிறகு வால்வு இறுகுகிற சத்தம் கேட்டது.

தாணுமூர்த்தி மட்டும் அங்கேயே, தன் கட்டம் போட்ட சட்டை கிடந்த தண்ணீரில் நின்றார். பிரம்மசக்தி ஒரு புதுப் பாட்டிலோடு வந்து அவர் காலடியில் குனிந்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை முகந்து மூடினாள், துடைத்துத் தாள் ஒட்டினாள், பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"சார், ஒங்க இனிஷியல் என்ன?" என்றாள்.